கடிக்கும் நாயும் ஊர்க் கட்டுப்பாடும்

நாய் கடித்தால் அது கடிபட்டவர் பாடு, வளர்த்தவர் பாடு என்று ஊரார் ஒதுங்கி நிற்பது நம்மிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். கடித்த அன்று ஆரவாரம் எழும். இரு வீட்டாரும் தெருவில் நின்று வாதிடுவர். ஒருவர் தடியை எடுப்பார்; மற்றொருவர் தடுப்பார். பொழுது சாய்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும். மறுமுறை அந்நாய் வேறொருவரைக் கடிக்கும் வரையில் அதைப் பற்றிப் பேசுவாரில்லை. இவ்வழக்கம் தவறு என்பது நமது துணிபு. கடிக்கும் வளர்ப்பு நாயை என்ன செய்வது என்னும் முடிவு, ஒரு வீட்டார் தனித்துச் செய்யும் முடிவாகவோ, கோபங்கொண்ட கூட்டம் அந்த நேரத்தில் செய்யும் முடிவாகவோ இருத்தல் கூடாது. ஊரார் அமைதியான நாளில் கூடி, முன்கூட்டியே வகுத்துவைத்த கட்டுப்பாட்டின்படி நடைபெற வேண்டிய காரியம் அது.

இதனை விளக்குதற்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பங்களை எடுத்துக்கொள்கிறோம். நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் படிக்கும் இதழில் மீனவர் குப்பத்து நாயைப் பற்றிப் பேசுவானேன் என்று அங்கத்தினர்கள் வினவலாம். பழவேற்காடு நெசவாளர்க்கு அந்நியமான ஊரன்று. அத்துறையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணி, அவ்வூர்ப் பெயரைத் தாங்கியே கடல் கடந்த நாடுகளில் விலைபோயிற்று. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்குக் கோட்டை எழுப்பியதும் துணி வாணிபத்தை முன்னிட்டே. எனினும், நாம் அக்குப்பங்களை நாடுவதற்கு இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பொதுப் பொருளைப் பற்றிய வழக்கைத் தாமே கூடித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. கூட்டுறவாளராகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய பழக்கம் அது.

ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவிலுள்ள உவர்நீர் ஏரிகளில் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தைச் சார்ந்தது. தெற்கேயுள்ள சிறு பகுதியே நமது திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கும். இறால் படும் இடங்கள் ஏரியில் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நல்ல இடத்தை வலியவன் பிடித்துக்கொண்டால் மெலியவன் வீட்டில் உலை ஏறாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள், எவர் எப்போது எவ்விடத்தில் வலை கட்டலாம் என்பதைக் கூடிப் பேசி, சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். அம்முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். அம்முறையில் இடம்பெறாத மக்களுக்கு அதனால் நியாயம் கிடைப்பதில்லை என்னும் குறையும் உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும், சண்டை வந்த பிறகு விதி தேடாமல், சண்டை வருமுன்னரே விதி செய்து வைப்பது அறிவுடைமை என்பதை அம்முறை நமக்குக் காட்டுகிறது. இறாலுக்குச் செய்துகொண்ட ஏற்பாட்டை நாய்க்குச் செய்துகொள்ளலாகாதா என்பதே நமது கேள்வி.

குப்பத்தில் நாயின் வாழ்வு எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கு வீட்டைச் சுற்றி மதில் கிடையாது. ஒரு வீட்டு வாயிலும் மற்றொரு வீட்டு வாயிலும் ஒரே மணல். வலை உலர்வதும், படகு கிடப்பதும், கருவாடு காய்வதும், குழந்தைகள் விளையாடுவதும் அந்த மணலிலேதான். வளர்ப்பு நாய் என்று சொன்னாலும் அது ஒரு வீட்டில் உண்டு, ஊர் முழுதும் திரிகிறது. இரவில் கருவாட்டையும் வலையையும் காக்கிறது. ஆள் அரவம் கேட்டால் குரைக்கிறது. அதனால் வீட்டுக்கு நன்மையுண்டு. அதே நாய் பகலில் கருவாட்டண்டை வரும் குழந்தையையும் திருடனாகவே கருதுமானால், அந்த நன்மைக்கு ஊரார் விலை கொடுக்கின்றனர்.

ஒரு நிலைமையைக் கற்பித்துக்கொள்வோம். ஏரிக்கரைக் குப்பமொன்றில் ஒரு மீனவர் வீட்டில் குட்டியாக வந்து வளர்ந்த நாய் இருக்கிறது. மூன்றாண்டுகள் எவரையும் கடிக்கவில்லை. ஒருநாள், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்டை வீட்டாரின் கையைக் கவ்விற்று. பல் ஆழப் பதியவில்லை, விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் சென்று, கருவாடு காயும் இடத்தில் ஓடிவந்த ஒரு சிறுமியின் காலைக் கடித்து இரத்தம் வரச் செய்தது. சிறுமியின் தாய் அந்த நாயை இன்றே தொலைக்க வேண்டும் என்கிறாள். வளர்த்தவரோ, குழந்தை அதன் வாலை மிதித்துவிட்டது, நாயின் மேல் குற்றமில்லை என்கிறார். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கலாம். ஊரார் என்ன செய்தல் தகும்?

அடித்துக் கொன்றுவிடலாம் என்பது முதலில் எழும் எண்ணம். இது இரக்கமற்ற செயல் என்பது ஒருபுறமிருக்க, கடிபட்ட சிறுமிக்கே தீங்கு செய்வதாகும். வெறிநோயின் கிருமி நாயின் உமிழ்நீரில் கலந்து வரும் நிலையில், அந்நாய் பத்து நாட்களுக்குள் நோய்க்குறி காட்டி இறந்துவிடும் என்பது வைத்திய நூலார் ஆராய்ந்து கண்ட உண்மை. பத்து நாட்களுக்குப் பின்னும் நாய் நலமாக இருக்குமாயின், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் அக்கிருமி இருந்ததில்லை என்று தெளியலாம். ஆகவே கடித்த நாய் உயிரோடு, கண்முன்னே, கட்டுக்குள் இருப்பது கடிபட்டவருக்குப் பேருதவி. கோபத்தில் அதனைக் கொல்வோர், சாட்சி சொல்ல வேண்டியவனைக் கொன்றவர் ஆவர்.

படகிலேற்றி அக்கரையில் விட்டுவிடலாம் என்பது இரண்டாவது எண்ணம். ஏரிக்கரையில் இது எளிது. ஒரு படகும் ஒரு கோணியும் போதும். உள்நாட்டு ஊர்களில் சந்தை வண்டியிலேற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுவதும் இதே செயல்தான். நம் ஊர்க் குழந்தை தப்பியது. அக்கரைக் குழந்தை எப்படிப் போனாலென்ன என்று நினைப்பதல்லவா இது? பழகிய இடத்தையும் உணவையும் இழந்து, அச்சங்கொண்டு அலையும் நாய் முன்னிலும் அதிகமாகக் கடிக்கக் கூடும். அது நோயுற்ற நாயாயிருப்பின், ஓர் ஊரின் சாவை மற்றோர் ஊருக்கு அனுப்பிவைத்தவர்கள் ஆவோம். ஏரி இரு கரைக்கும் பொது என்பதை அறிந்தவர்கள் இதனைச் செய்யலாகாது.

பகலிரவாகச் சங்கிலியில் கட்டிப்போடலாம் என்பது மூன்றாவது. சில நாட்களுக்கு இது தேவையே. ஆனால் ஆயுள் முழுதும் குறுகிய கயிற்றில் கட்டுண்ட நாய் குணங்கெட்டு மேலும் சீறும். ஒருநாள் கயிறு அறும்போது பழியும் சேர்ந்து வரும். எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடலாம் என்பது நான்காவது. நான்கினும் கொடியது இதுவே. வளர்த்தவர் சிறுமியின் வீட்டுக்கு நூறு ரூபாயோ, ஒரு கூடை மீனோ கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதும், அவர்கள் காயத்தில் மஞ்சளை வைத்துவிட்டுப் பேசாதிருப்பதும் எங்கும் நடக்கக்கூடியவை. அந்தப் பேச்சின்மைக்கு ஓர் உயிர் விலையாகலாம்.

அங்கத்தினர்கள் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வெறிநோயின் குறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் காப்பாற்றுதல் அநேகமாக இயலாது. தோன்றுமுன் முறைப்படி ஊசி போட்டுக்கொண்டால் காப்பாற்றுதல் எளிது. கடித்த நாளுக்கும் நோய்க்குறி தோன்றும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்குச் சில நாட்களிலும், சிலருக்கு ஓராண்டு கழிந்தும் தோன்றுவதுண்டு. அந்த இடைக்காலமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்வதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. கடிபடுவோரில் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்தில் இரு பங்கு என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தை உயரத்தில் சிறியது. நாய் பாய்ந்தால் பல் முகத்திலும் கழுத்திலும் படும். அடி விழுமோ என்றஞ்சி, கடித்ததை வீட்டில் சொல்லாமல் இருப்பதும் குழந்தைகளே.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியவை பல அல்ல. ஓடும் நல்ல நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல் வேண்டும். குப்பங்களில் நன்னீர் அருமையான பொருள் என்பதை அறிவோம். ஆயினும் குடத்து நீரைச் சிக்கனம் செய்யும் வேளை அதுவன்று. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் ஆகாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். காயம் ஆழமாயிருப்பின், காயத்தைச் சுற்றிப் போடும் வேறு மருந்தும் வேண்டியிருக்கும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தயங்காமல் போதல் வேண்டும். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று வளர்த்தவர் சொல்வதைக் கேட்டு இதனைத் தள்ளிப்போடக் கூடாது. நாயைப் பத்து நாள் பார்த்துக்கொள்வதும், மனிதருக்கு ஊசி தொடங்குவதும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டியவை.

வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பலரை ஆஸ்பத்திரிக்கு வரவொட்டாமல் தடுக்கிறது. ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்ட அப்பழைய மருந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் நாட்டில் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது போடப்படுவது புஜத்தில், மெல்லிய ஊசி. தோலுக்குள் போடும் முறையில் நான்கு முறை போனால் போதும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இச்சிகிச்சை அளித்தார். நம் நாட்டில் 1900-ல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் அதற்கான நிலையம் ஏற்பட்டது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெறும் வரையில், தென்னாட்டில் கடிபட்டவர் வடகோடிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. எத்தனை பேர் அவ்வளவு தூரம் போயிருக்க முடியும்? இன்று மருந்து நம் வட்டத்துக்குள்ளேயே வந்துவிட்ட காலத்தில், அறியாமையாலும் அலட்சியத்தாலும் ஒருவர் மாள்வாராயின் அது ஊருக்கே இழுக்கு.

இவ்விடத்தில்தான் ஊரார் துணை இன்றியமையாததாகிறது. அந்த நான்கு ஊசிகளும் கடித்த நாளிலும், அதிலிருந்து மூன்றாம், ஏழாம், இருபத்தெட்டாம் நாட்களிலும் போடப்படுகின்றன. முதல் ஊசிக்கு அழுதுகொண்டு ஓடுகிறவர்கள், வலி ஆறியதும் மூன்றாவதை மறக்கின்றனர், நான்காவதை விட்டுவிடுகின்றனர். ஏரியில் தொழில் செய்யும் மீனவருக்கு ஏழாம் நாளில் அவருடைய பாடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த முறையை விட்டால் மறுமுறை வர எத்தனை நாளாகுமோ? அவர் ஊசிக்குப் போவாரா, வலைக்குப் போவாரா? வலைக்கே போவார். இதில் அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவருடைய முறையை மற்றொருவர் மாற்றிக்கொண்டு, அவர் வந்தபின் திருப்பிக் கொடுப்பார் என்று ஊர் உறுதி கூறுமாயின் அவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். தறி ஒருநாள் நின்றால் கூலி போய்விடும் நெசவாளருக்கும், தண்ணீர் முறை வந்துவிட்ட பயிர்க்காரருக்கும் இது பொருந்தும். கையில் கடிபட்ட நெசவாளர் சில நாள் நாடாவைத் தொடவும் இயலார். மருந்து இலவசமாயினும், அதற்குச் செல்லும் நாள் இலவசமன்று. அந்த நாளின் விலையை ஒருவர் தலையில் ஏற்றாமல் பலர் பகிர்ந்துகொள்வதற்கே சங்கம் என்று பெயர்.

இனி நாயின் பக்கம் வருவோம். பத்து நாள் கழிந்து, நாய் நலமாக இருக்கிறது என்று தெரிந்தபின், அது ஏன் கடித்தது என்று ஆராய வேண்டும். குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பி இருந்துவிடலாகாது. குரைத்து எச்சரித்தபின் கடிக்கும் நாய்களும் உண்டு. குட்டி ஈன்ற நாய், புண்பட்ட நாய், காதில் சீழ் பிடித்த நாய், தின்றுகொண்டிருக்கையில் தொந்தரவு செய்யப்பட்ட நாய், கல்லடி பட்டுப் பழகிய நாய், இவை அச்சத்தாலும் வலியாலும் கடிப்பவை. காரணத்தை நீக்கினால் கடி நிற்கக்கூடும். நமது உதாரணத்திலுள்ள நாய் இருமுறையும் எங்கே கடித்தது? ஒருமுறை வலையண்டை, ஒருமுறை கருவாட்டண்டை. காவல் காக்கப் பழக்கப்பட்ட இடத்தில் கடித்திருக்கிறது. அதனைப் பகலில் அவ்விடத்திலிருந்து அகற்றி, வீட்டருகே நிழலில் நீளமான கயிற்றில் கட்டி, இரவில் மட்டும் காவலுக்கு விடுதல் ஒரு வழி. மீன் கழிவைக் கரையில் கொட்டாமல் புதைத்துவிடுதல் மற்றொரு வழி. கழிவு கிடக்குமிடத்தில்தான் நாய்கள் கூடிச் சண்டையிடுகின்றன. கால்நடை வைத்தியரிடம் காட்டி நோய் உண்டா என்று பார்த்தலும், கருத்தடை செய்தலும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுதலும் வளர்ப்பவர் கடமை.

இவ்வளவும் செய்த பின்னரும் காரணமின்றிப் பாயும் நாய் சில உண்டு. அங்கே நாம் தெளிவாகப் பேச வேண்டும். நாயினிடத்து வைத்த அன்பு உயர்ந்ததுதான். ஆயின் அந்த அன்பின் செலவை அண்டை வீட்டுக் குழந்தையின் உடம்பில் எழுதிவைக்க எவர்க்கும் உரிமையில்லை. அத்தகைய நாயைச் சுற்றுவேலியுள்ள இடத்தில், அதன் குணத்தை முழுதும் அறிந்து ஏற்றுக்கொள்ளும் ஒருவரிடம் ஒப்படைக்க முயலலாம். குணத்தை மறைத்துக் கொடுத்தல் வஞ்சகம். அதுவும் கூடாதபோது, மேற்கொண்டு செய்ய வேண்டியதைக் கால்நடை வைத்தியர் சட்டத்துக்குட்பட்டுத் தீர்மானிக்க வேண்டும். அது தெருவில் தடியோடு நிற்பவர் தீர்மானிக்கத்தக்கதன்று. அந்த முடிவு வருத்தம் தருவதுதான். வருத்தம் தருகிறது என்பதற்காக அதனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், பின்னர் அதனினும் பெரிய வருத்தம் நேரும்.

சட்டத்தின் நிலையையும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நன்று. தன் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதீய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு கூறுகிறது. நாயைத் தீங்கெண்ணத்தோடு கொல்வதும் ஊனப்படுத்துவதும் அதே சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு. பிராணிகளை வதைத்தலைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டமோ, வளர்த்த பிராணியைப் பசியும் தாகமும் வாட்டும் நிலையில் கைவிட்டுவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே அலட்சியமாக வளர்த்தவர், அடித்துக் கொன்றவர், அக்கரையில் விட்டவர் ஆகிய மூவரும் சட்டத்தின்முன் நிற்க வேண்டியவர்களே.

2024 மே மாதத்தில் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துப் படுகாயப்படுத்தின. நாய்களை வளர்த்தவர் கைதானார். அதன்பின் எந்த ஜாதி நாய்களைத் தடை செய்யலாம் என்னும் விவாதம் பத்திரிகைகளில் மிகுந்தது. நகரத்துக்கு அவ்விவாதம் தேவையாயிருக்கலாம். நமது ஊர்களில் கடிப்பவை பெரும்பாலும் நம் வீட்டுச் சோற்றை உண்ட நாட்டு நாய்களே. ஜாதியைத் தடை செய்து அவற்றை நிறுத்த முடியாது. அவற்றை வளர்ப்போரின் நடத்தையை ஒழுங்கு செய்தே நிறுத்த வேண்டும். ஜப்பான் தேசத்தார் 1950-ல் ஒரு சட்டம் இயற்றி, வளர்ப்பு நாய்கள் அனைத்தையும் பதிவு செய்து, தவறாமல் தடுப்பூசி போட்டுவந்தனர். 1957-க்குள் அந்நாட்டு நாய்களிடம் வெறிநோய் ஒழிந்தது. ஒரு பிரதேசத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவந்தாலே நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்று வல்லுநர் கூறுவர். நூறு நாய்களுள்ள குப்பத்தில் எழுபது நாய்களைப் பிடித்துக் கொடுப்பது ஒரு வீட்டாரால் ஆகாது, ஊராரால் ஆகும்.

ஆகவே குப்பங்களும், நெசவாளர் தெருக்களும், பயிர்க்காரர் ஊர்களும் பின்வரும் கட்டுப்பாட்டை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

முதலாவது, வளர்ப்பு நாய் ஒவ்வொன்றும் ஊர்ப் புத்தகத்தில் வளர்ப்பவர் பெயரோடும், தடுப்பூசி போட்ட தேதியோடும் எழுதப்பட வேண்டும். சோறு போடுகிறவரே வளர்ப்பவர்.

இரண்டாவது, கடி நேர்ந்தால் அன்றைக்கே கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது வளர்ப்பவர் பொறுப்பு. அவர் கையில் பணமில்லையாயின், சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து வழிச்செலவு கொடுத்துப் பின்னர் அவரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கடித்த நாயை எவரும் கொல்லவோ ஊரைவிட்டு அகற்றவோ கூடாது. பத்து நாள் தனித்துக் கட்டி, நீரும் உணவும் கொடுத்து, ஊரார் இருவர் நாள்தோறும் பார்த்துவர வேண்டும். நோய்க்குறி கண்டாலோ இறந்தாலோ ஆஸ்பத்திரிக்கும் கால்நடை வைத்தியருக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

நான்காவது, கடிபட்டவர் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்கும்வரை, அவருடைய பாடோ, தண்ணீர் முறையோ, தறிவேலையோ தவறிப்போகாதபடி மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

ஐந்தாவது, பத்து நாளுக்குப் பின் ஊர்க் கூட்டம் கூடி, கால்நடை வைத்தியரின் யோசனையைக் கேட்டு, நாயை எவ்வாறு வைத்திருப்பது என்று தீர்மானிக்க வேண்டும். காரணமின்றி இரண்டாம் முறை கடித்த நாயை ஊருக்குள் அவிழ்த்துவிட இடமில்லை.

ஆறாவது, கடித்ததை மறைப்பவருக்கே பெரிய அபராதம். தானே வந்து சொல்பவருக்கு அபராதம் வேண்டுவதில்லை.

இந்த ஆறாவது விதியைக் குறித்து ஆட்சேபம் எழலாம். கடித்த நாயை வளர்த்தவரைத் தண்டிக்காமல் விடுவது நியாயமா என்று கேட்பர். சிகிச்சைச் செலவையும் நாட்கூலியையும் அவர் ஏற்கத்தான் வேண்டும், அதில் விலக்கில்லை. அதற்குமேல் கடுந்தண்டம் விதித்தால், அடுத்த முறை எவரும் உண்மை சொல்லமாட்டார். நாயை இரவோடிரவாகப் படகிலேற்றிவிடுவர். நமக்கு வேண்டுவது கடிபட்டவரின் உயிர். அதற்கு வேண்டுவது உடனே வெளிவரும் உண்மை. உண்மையைப் பயமுறுத்தி ஓட்டும் விதி எவ்வளவு கடுமையாயிருந்தும் பயனற்றது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு ஊராரை மட்டும் காப்பதாக இருத்தல் கூடாது. மீன்கூடையைத் தலையில் சுமந்து வீடு வீடாகச் செல்லும் பெண், ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் ஏழை, தபால் கொண்டுவருபவர், வேற்றூரிலிருந்து பாவு கொண்டுவரும் ஆள் ஆகிய இவர்களே பிறர் வீட்டு நாயிடம் அதிகம் அகப்படுவோர். அவர்களுக்கு ஊர்க் கூட்டத்தில் இடமில்லை. அவர்கள் சார்பாகப் பேசுவாரும் இல்லை. பாட்டு முறையில் இடம்பெறாதார்க்கு நேர்ந்த குறை, நாய்க் கட்டுப்பாட்டிலும் நேரலாகாது. அவர்களுள் எவரேனும் கடிபட்டாலும் விதி ஒன்றே; வழிச்செலவும் ஒன்றே.

இந்தியாவிலேயே முதலாவதாகக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் ஏற்பட்டது, இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் என்பது நமக்குப் பெருமை தருவது. ஒருவர் கடனை அவர் தலையெழுத்து என்று விட்டுவிடாமல், பலர் சேர்ந்து தாங்கலாம் என்று அன்று அவ்வூரார் துணிந்தனர். நாய்க்கடியும் அவ்வாறு தாங்கத்தக்கதே. கிராம சபை ஆண்டில் ஆறு முறை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எழுதித் தரும்படி சங்கக் காரியதரிசிகளை வேண்டுகிறோம். எவரையும் நாய் கடித்திராத அமைதியான நாளே இதைப் பேசுவதற்கு நல்ல நாள். கடித்தபின் கூடும் கூட்டத்தில் குரல்தான் உயரும், யோசனை உயராது. வலை கட்டும் பாட்டை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளக் கற்ற மக்கள், ஒரு குழந்தை கடிபட்டு நிற்கையில், அது அவர்கள் பாடு என்று சொல்லிக் கலைந்துபோதல் தகாது.